துறைமுகச் சுவரும் இரண்டு கரைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சென்னைக்குக் கப்பலில் வந்தவர்கள் கால் நனையாமல் கரையேறியது அபூர்வம். ஊருக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து கரைவரை மூன்று வரிசை அலைகளைத் தாண்டியாக வேண்டும். ஐரோப்பியப் படகுகள் அந்த அலையடியில் உடைந்துவிடும். தாங்கியது உள்ளூர் மசூலாப் படகுதான். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்த படகு அது. அலை மோதினால் நெளிந்துகொடுக்கும், பிளக்காது. யாராவது கடலில் விழுந்தால் தூக்கிவிடப் பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும். கட்டுமரக்காரர்கள் ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்து, நனையாமல் கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1810-இல் சென்னைக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் மரியா கிரஹாம், 1812-இல் வெளியிட்ட தம் இந்தியப் பயண நூலில் இந்தப் படகுகளையும் கட்டுமரங்களையும் வியப்போடு விவரித்திருக்கிறார்.

கரையேறியதும் துபாஷிகள் சூழ்ந்துகொள்வார்கள். வீடு பிடிப்பது, வேலையாள் அமர்த்துவது, ஊர் காட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் வந்தவர்கள் ஊர் பார்த்தது பல்லக்கில் இருந்தபடிதான். கோட்டை, மவுண்ட் ரோடு, தோட்ட பங்களாக்கள் என்று பல்லக்கு தெற்கே போய்விடும். அவர்களைக் கரைசேர்த்தவர்கள் குடியிருந்த வடக்கே அது அதிகம் திரும்பவில்லை.

அந்தப் படகோட்டிகளின் ஊர்தான் ராயபுரம். தங்கள் கூலியிலிருந்து ஒதுக்கிச் சேர்த்த பணத்தில் அவர்கள் புனித ராயப்பர் கோயிலை எழுப்பினார்கள், 1829-இல். நகரத்தின் மற்ற பழைய தேவாலயங்கள் பலவற்றுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியோ பெரும் வணிகரோ மிஷனோ பின்னால் நின்றதுண்டு. இதற்குப் பின்னால் நின்றது துடுப்பு பிடித்த கை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கோபுரத்தின் முன்னால் ஐந்து நிமிடமாவது நிற்கலாம்.

நடந்தே போகக்கூடிய தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது, சுமார் நூறு கிலோமீட்டர். பம்பாயிலும் தாணேயிலும் 1853-இல் எழுந்த முதல் நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை. ராயபுரம் நிற்கிறது. அதன் தூண்களைப் பார்த்தால் கச்சேரி மண்டபமோ என்று தோன்றும். 2005-இல் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். அப்படியிருந்தும் சென்னைக்கு வரும் வெளியூர்க்காரரிடம் இதைப் பார்த்தீர்களா என்று கேட்டால், எங்கே இருக்கிறது என்பார்.

வடசென்னையை நடந்தே அறிந்தவர்கள் இருந்தார்கள், உள்ளூர்க்காரர்களாக. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்த ராமலிங்க சுவாமிகள், வள்ளலார், அங்கிருந்து திருவொற்றியூர்த் தியாகேசர் கோயிலுக்கு நடந்தே போய்வருவது வழக்கம். போக ஏழெட்டுக் கிலோமீட்டர், வர ஏழெட்டு. வடிவுடை மாணிக்க மாலையை அந்தக் கோயிலின் அம்மன் மீதுதான் பாடினார். 1858-இல் சென்னையை விட்டுப் புறப்படும்வரை இந்த நடை தொடர்ந்தது.

வெளியூர்க்கால்கள் ஏன் இந்தப் பக்கம் வரவில்லை? பாதிப் பதில் ரயிலில் இருக்கிறது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்ததும் ராயபுரத்தின் முக்கியத்துவம் குறையத் தொடங்கியது. மறுபாதி கடலில்.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கற்சுவர்கள் நீண்டன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டி முடிக்க 1896 ஆயிற்று. பிறகு பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வந்து, கிழக்கு வாயை அடைத்து வடகிழக்கில் புது வாய் திறந்தார். கப்பல் இப்போது நேராகத் தளத்தில் வந்து கட்டியது. மசூலாப் படகுக்கு வேலை போயிற்று.

போனது படகு மட்டும் இல்லை. இந்தக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டு போகும். கடலுக்குள் நீண்ட சுவர் அந்த மணலைத் தடுத்து நிறுத்தியது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது, வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் கரையை அரித்தது. தெற்கே சேர்ந்த மணலை ஒட்டி 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் ஓர் உலாவும் பாதை அமைத்து, மெரினா என்று பெயர் வைத்தார். இன்று வெளிநாட்டுப் பயணி யாராக இருந்தாலும் முதல் மாலை நடக்கும் இடம் அதுதான். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வரை கரையோரத்தில் கருங்கல் கொட்டிக் கடலைத் தடுத்துவைத்திருக்கிறார்கள். ஒரே சுவர் ஒரு கரைக்கு நகரத்தின் மிகப் பெரிய நடைவெளியைக் கொடுத்தது. இன்னொரு கரையிலிருந்து மணலையே எடுத்துக்கொண்டது. மெரினாவின் பெருமை பேசுகிற எவரும் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எண்ணூரின் கதையும் இதே திசையில்தான் போனது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வெள்ளைக்காரர்கள் ஓய்வுக்குப் போன இடம் எண்ணூர்க் கழிமுகம். கம்பெனி அதிகாரி பசில் காக்ரேன் வெட்டுவித்த கால்வாயில் படகேறிப் போனார்கள். அந்தக் கால்வாய்தான் பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் பகுதியாயிற்று. அதே கழிமுகத்தில் 2023 டிசம்பர்ப் புயல்மழைக்குப் பிறகு எண்ணெய் பரவி, மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள்.

ஆனாலும் வெளிநாட்டுக்காரர்கள் தேடிவந்த இடம் ஒன்று வடசென்னையின் தொழிற்பகுதியில் இருந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து இங்கிலாந்தின் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் திருவொற்றியூருக்கு வந்தது. இங்கிலாந்தில் உற்பத்தி நின்றபிறகும் இங்கே புல்லட் ஓடிக்கொண்டிருந்தது. டாங்கின்மேல் பொற்கோடு இழுக்கும் தூரிகைக் கைகளைப் பார்க்க ஐரோப்பியர்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். கோயிலும் கடலும் இழுக்காதவர்களைத் தொழிலாளியின் கைத்திறன் இழுத்திருக்கிறது.

இப்படிப்பட்ட பேட்டைகளை வெளியூர்க்காரருக்குக் காட்ட வழி உண்டு. நியூயார்க்கில் 1992 முதல் உள்ளூர்க்காரர்களே காசு வாங்காமல் தங்கள் பேட்டையை வெளியூர்க்காரருக்கு நடந்து காட்டுகிறார்கள். ப்ராங்க்ஸும் ப்ரூக்ளினும் அந்த நடைகளில் உண்டு, டைம்ஸ் சதுக்கம் மட்டுமல்ல. சென்னையில் 2004-இல் நகர வரலாற்றாளர் எஸ். முத்தையாவும் நண்பர்களும் தொடங்கிய மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் மரபு நடைகளைப் பரப்பியது. ராயபுரத்துக்கும் அவை வருகின்றன, ஆகஸ்டில். மற்ற பதினொரு மாதங்களில்?

நடப்பதற்கு வேண்டிய சரக்கு ஏராளம். ராயப்பர் கோயிலை அடுத்த மேற்கு மாதா கோயில் தெருவில் 1910-இல் கட்டிய பார்சி நெருப்புக் கோயில் இருக்கிறது. பார்சிகளைத் தவிர மற்றவர் உள்ளே போக முடியாது, வாசலில் நின்று பார்க்கலாம். சற்றுத் தள்ளி, 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்திய ராபின்சன் பூங்கா. படகோட்டியின் கோயில், பார்சியின் நெருப்பு, ஒரு கட்சியின் பிறப்பு, ஒரு ரயிலின் முதல் புறப்பாடு, எல்லாம் ஒரு காலைநேர நடைக்குள் அடங்கிவிடும்.

2021 முதல் விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயில் நேராக விம்கோ நகர் வரை ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்து இறங்கும் ஒருவர் வண்டி மாறாமல் திருவொற்றியூர் தேரடியில் இறங்கலாம். அங்கிருந்து வள்ளலார் நடந்துபோன தியாகேசர் கோயில் கூப்பிடுதூரம், பட்டினத்தார் சமாதி கடலோரம். இறங்கியவர் கையில் கொடுக்க நிலைய வாசலில் ஒரு நடைவரைபடம் வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி நடக்க ஒரு மனிதன் அகலத்துக்கு நடைபாதை வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் அந்தச் சாலையில் தினமும் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளின் பெற்றோர்.