வானிலிருந்து வாசிக்கும் நிலம்: தில்லித் துவாரகாவும் தொலையுணர்வு ஆய்வும்

துவாரகா என்னும் பெயரைக் கேட்டவுடன் குசராத்தின் கடற்கரை நகரும், அங்கு 1980களில் எஸ். ஆர். ராவ் தலைமையில் நிகழ்ந்த கடலடி ஆய்வுகளுமே தமிழாய்வாளர் நினைவில் எழும். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது வேறொரு துவாரகாவை. தில்லியின் தென்மேற்கில், தில்லி வளர்ச்சிக் குழுமம் ஏறத்தாழ 5,648 எக்டேர் பரப்பில் உருவாக்கிய துணைநகரம் அப்பெயரைத் தாங்கியுள்ளது. தொடக்கத்தில் 'பப்பன் கலான் திட்டம்' என வழங்கிய இந்நகரம் பாலம், கக்ரோலா, பக்டோலா, அம்பர்ஹாய், போச்சன்பூர் முதலிய சிற்றூர்களின் வயல்களுக்கும் நீர்நிலைகளுக்கும் இடையே எழுந்தது. வயல்வெளி நகராக மாறிய காலம் முழுவதும் செயற்கைக்கோள்களின் பார்வைக்குள் அடங்கியிருப்பதால், தொலையுணர்வு எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை அறிவதற்கு இஃது ஏற்ற களமாகும்.

படிமத்தின் கூர்மை

ரிமோட் சென்சிங் என வழங்கும் தொலையுணர்வு, நிலப்பரப்பு திருப்பியனுப்பும் ஒளியையும் வெப்பத்தையும் தொலைவிலிருந்து அளந்து அதன் இயல்பை உணரும் முறையாகும். இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவராகப் போற்றப்படுபவர் பி. ஆர். பிஷரோட்டி. 1970இல் கேரளத்துத் தென்னையின் வேர்வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த அகச்சிவப்புப் படங்களால் கண்டறிய முயன்ற சோதனையே இங்கு இத்துறையின் தொடக்கமாகக் கூறப்படும். 1972இல் அமெரிக்காவின் முதல் லாண்ட்சாட் செலுத்தப்பட்டது. இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச்சு 17இல் பைக்கனூரிலிருந்து விண்ணேறியது.

இவற்றின் கூர்மையைத் துவாரகாவின் பரப்போடு பொருத்திக் காண்பது பயன்தரும். முதல் லாண்ட்சாட்டின் படப்புள்ளி ஒன்று நிலத்தில் ஏறத்தாழ 79 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் குறிக்கும். அக்கணக்கில் இன்றைய துவாரகா முழுமையும் ஏறத்தாழ 9,000 புள்ளிகளில் அடங்கிவிடும். ஐ.ஆர்.எஸ்.-1ஏயின் கூர்மையான கருவிக்குப் புள்ளியின் பக்கம் 36.25 மீட்டர், அதே நிலம் ஏறத்தாழ 43,000 புள்ளிகளாக விரிகிறது. 2005இல் செலுத்தப்பட்ட கார்ட்டோசாட்-1 இரண்டரை மீட்டர் அளவில் நோக்கியது. புள்ளிகள் 90 இலட்சத்தைத் தொடுகின்றன. எனினும் கூர்மை மிகுந்த கண் திறப்பதற்குள் துவாரகாவில் கட்டடங்கள் எழுந்துவிட்டன என்பது நோக்கத்தக்கது. 2005 இறுதியில் மெட்ரோ தொடர்வண்டியே அங்கு வந்துசேர்ந்துவிட்டது. வயலும் குளமுமாக இருந்த நிலம் மங்கலான படிமத்திலும், அவற்றை மூடிய நகரம் தெளிவான படிமத்திலும் பதிவாகியுள்ளன. இழந்தவை குறைவாகவும் எஞ்சியவை மிகுதியாகவும் தெரியும் இந்த ஆவணத்தைக் கொண்டு வரலாறு எழுதுவோர் இவ்வேற்றுமையை மறத்தலாகாது.

நீரைக் காணும் முறை

நீர், அண்மை அகச்சிவப்புக் கதிரைப் பெரிதும் உள்வாங்கிக்கொள்ளும். பசுந்தழை அதனை மிகுதியாகத் திருப்பியனுப்பும். ஆகவே அக்கதிரில் எடுத்த படத்தில் குளம் கருமையாகவும் பயிர் வெண்மையாகவும் தோன்றும். இந்த எளிய வேறுபாட்டின்மீதே நீர்நிலைக் கணிப்பு நிற்கிறது. ஆயின் தில்லியின் சிற்றூர்க் குளங்கள் இவ்விதிக்கு எளிதில் அடங்குவன அல்ல. ஜோஹட் என அழைக்கப்படும் அவை மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வறண்டுவிடும். மே மாதப் படத்தில் குளம் வெற்றுத்தரை. ஆகாயத்தாமரை படர்ந்த படத்தில் அதுவே புல்வெளி. ஒரே நாளின் படத்தை வைத்து 'இங்குக் குளம் இல்லை' என்று கூறுவது, ஒரே ஏட்டைப் பார்த்துப் பாடம் இல்லை என்று பதிப்பாசிரியர் தீர்ப்பளிப்பதை ஒக்கும். பல பருவப் படிமங்களை ஒப்புநோக்குவதே முறை. 2023இல் வெளியிடப்பட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 24,24,540 நீர்நிலைகளையும் தில்லியில் 893 நீர்நிலைகளையும் பதிவுசெய்தது. அதற்கும் ஆட்கள் நேரில் சென்று பார்க்க வேண்டியிருந்தது.

துவாரகாவின் மேற்கு விளிம்பை ஒட்டிச் செல்லும் நஜஃப்கர் வடிகால் இதனினும் சிக்கலானது. 57 கிலோமீட்டர் நீளமுடைய இது வசீராபாத் அருகே யமுனையில் கலக்கிறது. இன்று கழிவுநீர்க் கால்வாயாகவே அறியப்படும் இவ்வழி, ஆரவல்லி மலையில் தோன்றும் சாகிபி ஆற்றின் இறுதிப் பகுதியாகும். ஆற்றுநீர் பரந்து தேங்கிய இடமே நஜஃப்கர் ஏரி. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அந்நீரை வடிக்க வெட்டிய கால்வாய், 1960களில் மேலும் அகலப்படுத்தப்பட்டது. ஏரி சுருங்கியது, ஆற்றின் பெயரும் வழக்கிலிருந்து பெரும்பாலும் மறைந்தது. தில்லி, அரியானா எல்லையில் எஞ்சியுள்ள நீர்ப்பரப்பு ஈரநிலமா அன்றா என்ற வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றபோது, இந்தியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையான இன்டாக், செயற்கைக்கோள் படங்களையும் சான்றாக முன்வைத்தது. 'வடிகால்' என்று பெயரிடப்பட்டதை ஆறு என்று நிறுவப் படிமம் துணைநின்றது எனலாம்.

லோஹார்ஹேடியின் படிக்கிணறு

துவாரகாவின் 12ஆம் பிரிவில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பாவ்லி உள்ளது. லோதி ஆட்சிக்காலமான 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டதாகக் கருதப்படும் இப்படிக்கிணறு, லோஹார்ஹேடி என்னும் மறைந்த ஊரின் பெயரால் சுட்டப்படுகிறது. லோஹார் என்பது கொல்லரைக் குறிக்கும் சொல். ஊர் அழிந்தது, அதன் கிணறு எஞ்சியது. புதர் மண்டிக் கிடந்த அதனை 2010களில் தில்லி அரசின் தொல்லியல் துறை இன்டாக்கின் துணையோடு சீரமைத்தது.

பாவ்லி என்னும் சொல் தமிழாய்வாளருக்கு அயலானதன்று. வடமொழி 'வாபி'யினின்று வந்த அதுவும், தமிழில் வழங்கும் 'வாவி'யும் ஒரே மூலத்தின் கிளைகள். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்து 'நடவாவி', நடந்து இறங்கும் வாவி எனப் பொருள்படும். திருவெள்ளறையில் தந்திவர்ம பல்லவன் காலத்தில் தோண்டப்பட்ட சுவத்திக வடிவப் பெருங்கிணறு, 'மார்ப்பிடுகு பெருங்கிணறு' எனத் தன் பெயரைக் கல்வெட்டில் வைத்திருக்கிறது. துவாரகாக் கிணற்றிற்கு அப்பேறு கிட்டவில்லை. ஊரார் நாவில் நின்ற பெயரே அதற்கு ஆவணம்.

இத்தகைய சின்னத்தைச் செயற்கைக்கோளால் மட்டும் கண்டுபிடித்திருக்க இயலுமா என்பதே வினா. 10 மீட்டர் புள்ளிகொண்ட இன்றைய சென்டினல் படிமத்திலும் அது ஒருசில புள்ளிகளே. மரநிழல் மூடினால் கூர்மையான படிமத்திலும் தெரியாது. தரையினின்று கீழ்நோக்கி இறங்கும் கட்டடம், மேலிருந்து நோக்கும் கருவிக்கு ஒரு நிழற்கீற்று அவ்வளவே. எது கிணறு என்று முன்னரே அறிந்தவரே அக்கீற்றைக் கிணறென்று வாசிக்க இயலும்.

பாதுகாப்புச் சட்டமும் இவ்வாறே அமைந்துள்ளது. 2010ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மையப் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுத்தது. இவ்வட்டங்களைச் செயற்கைக்கோள் படத்தின்மீது வரைந்து, கட்டட அனுமதி கோருவோர்க்கு விடையளிக்கும் ஏற்பாட்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் பங்காற்றியது. பயனுள்ள பணி, ஐயமில்லை. எனினும் பட்டியலில் இல்லாத சின்னத்திற்கு வட்டமும் இல்லை. பட்டியலில் இருந்தும் காணாமற்போனவை உண்டு. 2022 இறுதியில் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் அளிக்கப்பட்ட விவரப்படி, 3,693 சின்னங்களில் 50 காணப்படவில்லை. 14 நகர்மயத்தாலும் 12 நீர்த்தேக்கங்களாலும் அழிந்தன. 24 எங்குள்ளன என்றே தெரியவில்லை. தில்லியின் பாரகம்பா கல்லறைத் தோட்டமும் அவற்றுள் ஒன்று. 2024இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவற்றுள் சேர்ந்தது. நாட்டின் தலைநகரில், கோள்கள் நாள்தோறும் கடந்துசெல்லும் வானின்கீழ் இது நிகழ்ந்தது.

இலக்கியமும் படிமமும்

படிமத்தை வாசிக்கப் பெயரும் பனுவலும் வேண்டும் என்பதால், பனுவல் கூறுவதையெல்லாம் படிமம் மெய்ப்பிக்கும் என்று கொள்ளுதலும் தவறாகும். 1980இல் யஷ்பாலும் உடனாய்வாளரும் லாண்ட்சாட் படங்களில் கக்கர் ஆற்றின் அகன்ற பழந்தடத்தைக் கண்டு, அதனை வேதங்கள் கூறும் சரசுவதியோடு இணைத்தனர். தடம் மெய்யே. ஆனால் படிமம் தடத்தின் வடிவத்தைக் காட்டுமேயன்றி அதன் காலத்தைக் காட்டாது. அத்தடத்தின் மணலைத் துளையிட்டெடுத்துக் காலம் கணித்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, சட்லெஜ் ஆறு ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வழியை விட்டு விலகியது என்றது. அரப்பா நகரங்கள் அதற்கு நெடுங்காலம் பிற்பட்டவை. காவிரியின் பழந்தடங்கள் குறித்துத் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எஸ். எம். இராமசாமி முதலியோர் செய்த படிம ஆய்வுகளைப் பூம்புகாரோடு பொருத்துவோர்க்கும் இவ்வெச்சரிக்கை உரியது. கீழையூரில் 1960களில் அகழப்பெற்ற செங்கற் படகுத்துறைக்கு அங்கிருந்த மரத்தூண்களே கி.மு. 3ஆம் நூற்றாண்டு எனக் காலம் வழங்கின.

தமிழ்த்துறைகள் இத்துறைக்கு அளிக்கத்தக்கது இடப்பெயராய்வாகும். தாங்கல், ஏந்தல், ஊருணி, கண்மாய் என நீர்நிலையின் வகையையே பெயராகக் கொண்ட ஊர்கள் தமிழகத்தில் நிறைந்துள்ளன. சென்னையின் நெடிய மாம்பலம் ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகராயிற்று. லாண்ட்சாட் பிறப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முந்திய அவ்விழப்பு எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் இல்லை. மேற்கு மாம்பலத்தின் 'லேக் வியூ' சாலைப் பெயரில் உள்ளது. கீழடியில் அகழாய்வு நிகழ்ந்த தென்னந்தோப்பும் 'பள்ளிச்சந்தைத் திடல்' என்றே ஊராரால் வழங்கப்பெற்றது.

வடநாட்டிலும் கேம்பிரிட்சு, பனாரசு இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆங்கிலேயர் கால நில அளவைப் படங்களில் குறிக்கப்பட்ட மேடுகளைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டுத் தொல்லிடங்களைத் தேடியுள்ளனர். துவாரகாவில் சிற்றூர்ப் பெயர்கள் பலவற்றின் இடத்தில் இன்று எண்ணிட்ட பிரிவுகளே உள்ளன. பழைய வருவாய்த்துறைப் படங்களில் உள்ள குளப் பெயர்களையும் வயற்பெயர்களையும் திரட்டி, அவற்றைப் பல பருவப் படிமங்களின்மீது பொருத்தும் பணிக்கு இந்தியும் உருதும் அறிந்த தமிழாய்வாளர் தில்லியிலேயே உள்ளனர். பக்டோலாவிலும் போச்சன்பூரிலும் அப்பெயர்களைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் வாழ்கின்ற காலத்திலேயே அது தொடங்கப்பட வேண்டும்.