சோலார் பேனலை பேப்பர் மாதிரி பிரிண்ட் பண்ணலாமா? லேப்பில் 19%... மார்க்கெட்டில் காணோமே, ஏன்?

'அச்சடிக்கும் சோலார் செல்: செயல்திறன் 19 சதவீதத்தைத் தாண்டியது' என்ற மாதிரி செய்திகள் அடிக்கடி வருகின்றன. பிளாஸ்டிக் தாளில் மை பூசினால் போதும், மின்சாரம் தரும், சுருட்டியும் வைக்கலாம் என்கிறார்கள். ஆனா கடைக்குப் போனால் கிடைப்பதென்னவோ அதே கனமான, கண்ணாடி போட்ட சிலிக்கான் பேனல்தான். எங்கே இடிக்குது?

'ஆர்கானிக்' சோலார் என்றால்?

ஆர்கானிக் காய்கறிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. கார்பனை அடிப்படையாகக் கொண்ட பாலிமர்களும் மூலக்கூறுகளும்தான் இங்கே ஆர்கானிக். சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்கி, படிகமாக வளர்த்து, மெல்லிசாக அறுக்க வேண்டும். இந்தப் பொருட்களையோ ஒரு கரைப்பானில் கரைத்தாலே மை ரெடி. ஒளியை வாங்கும் படலம் சுமார் 100 நானோமீட்டர் தடிமன்தான். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிசு.

விஷயமே கலவையில்தான்

சிலிக்கானில் வெயில் பட்டதும் எலக்ட்ரான் கழன்று ஓடிவிடும். ஆர்கானிக் பொருளில் அப்படி இல்லை. எலக்ட்ரான், தான் விட்டுவந்த காலியிடத்தோடு ஜோடியாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த ஜோடிக்கு எக்ஸிடான் என்று பெயர். இதைப் பிரிக்க, எலக்ட்ரானை இழுக்கும் இரண்டாவது பொருள் ஒன்று பக்கத்தில் வேண்டும். பக்கம்னா ரொம்பப் பக்கம், சுமார் 10 நானோமீட்டருக்குள். இல்லாவிட்டால் ஜோடி அழிந்துவிடும், வெயில் வீண்.

1986-ல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங் இரண்டு பொருட்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். கிடைத்தது சுமார் 1 சதவீதம். 1995-ல் அமெரிக்காவின் ஆலன் ஹீகர் குழு அடுக்குவதை விட்டுவிட்டு, இரண்டையும் கலந்தே பூசியது. இரண்டு துணியை ஒட்டுவதற்குப் பதில், இரு நிற நூலைக் கலந்து நெய்த மாதிரி. ஜோடி எங்கே உருவானாலும் பக்கத்திலேயே அடுத்த பொருள் இருக்கும். எலக்ட்ரான் வெளியேற நூலும் அறுபடாமல் இருக்கும். 2019-ல் சீனாவின் யிங்பிங் சூ குழு 'ஒய்6' என்ற மூலக்கூறைக் கொண்டுவந்து 15.7 சதவீதத்தைத் தொட்டது. இன்றைய சாதனைகள் பலவும் அதன் வாரிசுகள்தான்.

அப்போ சிக்கல் எங்கே?

மை காய்வதில்! லேப்பில் ஒரு சொட்டு மையை சின்னக் கண்ணாடித் துண்டில் விட்டு, வேகமாகச் சுழற்றுவார்கள். பாதிக்கு மேல் தெறித்து வீணாகும், போகட்டும், ஆராய்ச்சிதானே. குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான் நொடிகளில் ஆவியாகி, அந்த நுண்ணிய நெசவு அப்படியே உறைந்துவிடும். ஆனால் ஆலையில், ஓடும் பிளாஸ்டிக் ரோல் மேல் இந்த நச்சுக் கரைப்பானை டன் கணக்கில் ஆவியாக விட முடியுமா? பாதிப்பு குறைந்த கரைப்பான்கள் பெரும்பாலும் மெதுவாகத்தான் காயும். அந்த இடைவெளியில் இரண்டு பொருளும் தனித்தனியே திரண்டுவிடும். 10 நானோமீட்டர் கணக்கு போச்சு!

இதோடு, தூசி ஒன்று விழுந்தாலும் அந்த இடத்தில் ஷார்ட் ஆகலாம். ஒளி ஊடுருவும் இண்டியம் மின்முனை, வளைத்தால் விரிசல் விடும். ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே போனால் பொருளே கெடும். தடுக்கும் உறைக்குத் தனிச் செலவு. புற ஊதாக் கதிரில் ஒய்6-ஏ சிதையும். அதனால் அடுத்த முறை சாதனைச் செய்தி வந்தால், செல்லின் பரப்பளவைத் தேடிப் பாருங்க. பல நேரம் ஒரு சதுர சென்டிமீட்டர்கூட இருக்காது.

முயன்று பார்த்தவர்கள்

ஹீகரும் சேர்ந்து 2001-ல் தொடங்கிய கொனார்கா, பழைய போலராய்டு ஆலையிலேயே சோலார் அச்சடித்தது. சிலிக்கான் விலை சரிந்துகொண்டே போக, 2012-ல் திவாலானது. என் கணிப்பில், மொட்டை மாடியில் சிலிக்கானோடு மோதுவது இன்றைக்கும் வீண்வேலைதான். ஜெர்மனியின் ஹெலியாடெக் அச்சடிப்பதையே விட்டுவிட்டு, வெற்றிடத்தில் படலம் படியவைத்து, கனம் தாங்காத கூரைகளிலும் சுவர்களிலும் ஒட்டுகிறது. ஸ்வீடனின் எபிஷைன் இன்னும் அச்சடிக்கிறது. ஆனா வெயிலுக்கு இல்லை, அறைக்குள் எரியும் விளக்கு வெளிச்சத்துக்கு. பேட்டரி மாற்றும் வேலையைக் குறைக்க, சின்னச் சின்ன சென்சார்களுக்காக.