மிளகு அறுவடையின்போது ஏணியிலிருந்து விழுதல்: தடுப்பு, முதலுதவி, பராமரிப்பு

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் மிளகுக்கொடிகள் உயரமான சில்வர் ஓக் மரங்களில் படரவிடப்படுகின்றன. அறுவடைக் காலத்தில் தொழிலாளர்கள் மூங்கில் ஏணியில் ஏறி மிளகு பறிக்கின்றனர். ஏணியிலிருந்து தவறி விழுபவருக்கு எலும்பு முறிவுடன் தண்டுவடக் காயமும் ஏற்படலாம். அவரைத் தவறான முறையில் தூக்கினால் அக்காயம் மேலும் தீவிரமடையும்.

தடுப்பு முறைகள்

கட்டடச் சாரத்தைப் போலவே ஏணியும், மரத்துடன் கட்டப்படுவதற்கு முன்னும் கட்டு அவிழ்க்கப்பட்ட பின்னும் எளிதில் சரியும்.

• ஏறுவதற்கு முன் மூங்கிலில் வெடிப்பு, பூச்சி அரிப்பு உள்ளதா எனவும், கயிறு இற்றுள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.
• ஏணியை இருவர் சேர்ந்து உறுதியான தரையில் நிறுத்த வேண்டும். மேல்முனையைக் கட்டி முடிக்கும் வரை ஒருவர் அடியைப் பிடித்திருக்க வேண்டும்.
• அகற்றும்போதும் ஒருவர் அடியைப் பிடித்த பின்னரே மேல்கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தவர் இறங்கும் வரை பிடியை விடக்கூடாது.
• முழு உடல் பாதுகாப்பு வாரின் கயிற்றை ஏணியில் அல்லாமல் மரத்தில் பிணைக்க வேண்டும்.
• மழை, பலத்த காற்றின்போதும் மின்கம்பிக்கு அருகிலும் ஏறக்கூடாது.

தண்டுவடக் காயத்தின் அறிகுறிகள்

• கழுத்து அல்லது முதுகில் கடும் வலி
• கை, கால்களில் மரத்துப்போதல், அசைக்க இயலாமை
• சிறுநீர், மலம் அடக்க இயலாமை

இவை இல்லாவிடினும், உயரத்திலிருந்து விழுந்தவருக்குத் தண்டுவடக் காயம் இருக்கலாம் எனக் கருதியே செயல்பட வேண்டும்.

முதலுதவி

• உடனே 108-ஐ அழைக்கவும்.
• அவரை உட்கார வைக்கவோ நிற்க வைக்கவோ கூடாது. தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளவும்.
• மூச்சு விடுகிறாரா எனக் கவனிக்கவும். இரத்தக் கசிவைத் துணியால் அழுத்தி நிறுத்தவும்.
• உணவு, நீர் தரக்கூடாது.
• வாகனம் வர இயலாத ஊரிலிருந்து தூக்கிச்செல்ல நேர்ந்தால் போர்வையில் டோலி கட்டக்கூடாது. அதில் முதுகு வளையும். தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் புரட்டிப் பலகையிலோ கதவிலோ கிடத்திக் கட்டவும்.
• இரு சக்கர வாகனத்தில் ஏற்றக்கூடாது. மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளதால், உடல் அசையாமல் கட்டப்பட்டிருப்பது இன்றியமையாதது.

வீட்டில் பராமரிப்பு

கால்கள் செயலிழந்தவருக்குத் தோலில் உணர்ச்சி இராது. அதனால் புண் வருவதை அவர் உணரமாட்டார். படுத்திருப்பவரை 2 மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவும். பிட்டம், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்துள்ளதா என நாள்தோறும் பார்க்கவும். சிறுநீர்க் குழாயைக் கையாளும் முறையைச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளவும். காய்ச்சலோ கலங்கிய சிறுநீரோ இருந்தால் மருத்துவரை அணுகவும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.