கல்வி உரிமையும் மாநில எல்லையும்

புணே நகரின் ஔந்துப் பகுதியில் வாழும் தமிழன்பர்கள் சிவாஜிநகர் நோக்கிச் செல்லும்போது, கணேஷ்கிண்டில் உள்ள பல்கலைக்கழகத்தைக் கடந்து செல்வதுண்டு. முன்னாளில் பம்பாய் ஆளுநரின் மாளிகையாக இருந்த இடம் அது. 1949ஆம் ஆண்டில் அங்கே பல்கலைக்கழகம் தோன்றிற்று. 2014ஆம் ஆண்டில் அதற்குச் சாவித்திரிபாய் ஃபுலே அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயரின் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அது மராட்டியருக்கு மட்டும் உரிய வரலாறன்று. அதில் தமிழர்க்கும் பங்கு உண்டு. வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழர்க்கோ அதில் இன்னும் முடியாத ஒரு வழக்கும் உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1848ஆம் ஆண்டில் ஜோதிராவ் ஃபுலேயும் அவர் துணைவியார் சாவித்திரிபாயும் புணேயின் புதவார்ப் பேட்டையில், பிடே வாடா என்னும் இல்லத்தில், பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். பின்னர் மஹர், மாங் முதலிய, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட வகுப்புகளின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடத்தினர். அந்நாளில் இஃது எளிய செயலன்று. எழுத்தறிவு சில குலங்களின் உடைமை என்று சமூகம் எண்ணியிருந்த காலம் அது. 1897ஆம் ஆண்டில் கொள்ளைநோய் புணேயைத் தாக்கியபோது நோயுற்றோர்க்குப் பணிபுரிந்து, அந்நோயாலேயே சாவித்திரிபாய் உயிர் துறந்தார்.

பள்ளி நடத்தியதோடு ஃபுலே நின்றுவிடவில்லை. கல்வியை அரசியற் கேள்வியாக மாற்றியதே அவருடைய தனிச் சிறப்பு. 1882ஆம் ஆண்டில் கல்வி நிலையை ஆராய ஹண்டர் தலைமையில் ஒரு குழு வந்தபோது, அவர் அதனிடம் ஒரு விண்ணப்பத்தை அளித்தார். அதன் சாரம் இதுதான்: அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவனின் உழைப்பிலிருந்து வருகிறது, அப்பணமோ மேல்வகுப்பினரின் உயர்கல்விக்குச் செலவாகிறது, வரி செலுத்துகிறவனின் பிள்ளை எழுத்தறியாமல் நிற்கிறான். ஆதலின், குறிப்பிட்ட வயதுவரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். கல்வி, கொடையாளர் இரங்கி அளிக்கும் பொருளன்று. வரி வாங்கும் அரசு திருப்பித் தரவேண்டிய கடன் என்பதே அவ்விண்ணப்பத்தின் உட்பொருள்.

அக்கடனை அன்றைய ஆங்கில அரசு ஏற்கவில்லை. சில சுதேச சமஸ்தானங்கள் முந்திக்கொண்டன. பரோடாவில் மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் 1893ஆம் ஆண்டில் அம்ரேலியில் கட்டாயக் கல்வியைத் தொடங்கி, 1906ஆம் ஆண்டில் சமஸ்தானம் முழுவதற்கும் விரிவாக்கினார். கோல்ஹாப்பூரில் ஷாஹு மகாராஜர் 1902ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள், அரசுப் பதவிகளில் நூற்றுக்கு 50ஐப் பின்தங்கிய வகுப்பினர்க்கு ஒதுக்கி ஆணை பிறப்பித்தார். ஆணை மட்டும் போதாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். பதவிக்கு வரவேண்டுமானால் படித்திருக்க வேண்டும். படிக்க வேண்டுமானால் நகரில் தங்க இடம் வேண்டும். எனவே மராத்தியர், சமணர், இலிங்காயதர், முஸ்லிம்கள், தீண்டாமைக்கு ஆளானோர் எனப் பல சமூகத்து மாணவர்களுக்கும் விடுதிகள் எழ அவர் துணை நின்றார். 1917ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கினார். அதே காலத்தில், 1911ஆம் ஆண்டில், புணேயின் கோகலே இந்தியா முழுமைக்குமான கட்டாயக் கல்வி மசோதா ஒன்றை மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அது தோற்கடிக்கப்பட்டது. அதிகாரமும் மனமும் ஒருங்கே அமைந்த இடத்தில் மட்டுமே கல்வி பரவிற்று என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

நம் சென்னை மாகாணத்தின் கதை இதற்கு இணையாகவே நடந்தது. 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். 1920ஆம் ஆண்டில் தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை நகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு அளிக்க முற்பட்டது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை ஓர் ஆட்சி மன்றம் ஒப்புக்கொண்ட நாள் அது. 1921ஆம் ஆண்டில் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணையை வெளியிட்டது. ஆயினும் அவ்வாணை உரிய முறையில் நடைமுறைக்கு வந்தது, அப்பத்தாண்டின் இறுதியில் எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோதுதான்.

தமிழகத்தின் வரலாறும் புணேயின் வரலாறும் சந்தித்த ஓரிடமும் உண்டு. அது புணேயின் எரவாடா. 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் அங்கு ஏற்பட்ட ஒப்பந்தத்தில் டாக்டர் அம்பேத்கருடன், தமிழகத்தைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. ராஜாவும் இராஜாஜியும் கையெழுத்திட்டார்கள். சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட 148 இடங்களைப் பற்றியே பலரும் பேசுவர். அவற்றுள் 30 சென்னை மாகாணத்துக்கு உரியவை. ஆனால் கல்வியைப் பற்றியும் அவ்வொப்பந்தம் ஒரு விதி செய்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து போதிய தொகையை ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் கல்வி வசதிக்கென ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே அது. 'ஒவ்வொரு மாகாணத்திலும்' என்னும் சொற்றொடரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாடு விடுதலை பெற்று, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த உடனே இவ்வுரிமை ஒரு சோதனையைச் சந்தித்தது. சென்னை மாகாணத்தில் தொழிற்கல்லூரி இடங்கள் 14, 14ஆக வகுப்புவாரியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டு வந்தன. அம்முறை செல்லாது என்று 1951ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் அரசியலமைப்பை முதன்முறையாகத் திருத்தி, பின்தங்கிய வகுப்பினரின் முன்னேற்றத்துக்குத் தனி ஏற்பாடுகள் செய்ய அரசுக்கு வழிவகுத்தது. 1954ஆம் ஆண்டில் முதலமைச்சரான காமராசர், தந்தையின் தொழிலைப் பிள்ளை கற்க அரைநாள் ஒதுக்கிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வாராமை ஆட்சியின் குறை, பிள்ளையின் குறையன்று என்னும் கொள்கை அதனால் நிலைபெற்றது.

இவ்வாறு வளர்ந்த உரிமைக்கு ஓர் எல்லைக்கோடும் உடன் வளர்ந்தது. 1936ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அட்டவணைச் சாதிகளின் பட்டியலை மாகாணவாரியாக வெளியிட்டது. 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத்தலைவர் பிறப்பித்த ஆணையும் மாநிலவாரியாகவே அமைந்தது. அரசியலமைப்பின் 341ஆம் பிரிவு, ஒரு சாதியை 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை' அட்டவணைச் சாதி எனக் கருதவேண்டும் என்கிறது. பழங்குடியினரைப் பற்றிய 342ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர் இத்தகைய தொடரை ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம். இலட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு அவ்வரியில் அடங்கியிருப்பதைத் தொடரின் தோற்றம் காட்டுவதில்லை. ஒரே மாநிலத்துக்குள்ளேயே சில சாதிகள் சில மாவட்டங்களில் பட்டியலிலும், அடுத்த மாவட்டத்தில் பட்டியலுக்கு வெளியிலும் இருந்தன. அந்த உள் எல்லைகளைப் பெரும்பாலும் நீக்க 1976ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வேண்டியதாயிற்று. மாநிலங்களுக்கிடையே உள்ள எல்லையோ அப்படியே நின்றது.

1990ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு இதைப் பற்றி முடிவு கூறியது. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்த ஒரு சமூகத்தில் பிறந்து, பொதுத்துறை நிறுவனத்தில் பணிபுரிந்த தந்தையுடன் சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்த ஒரு மாணவர், அங்கு மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பின்தங்கிய நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவது. பெயர் ஒன்றாயினும் நிலை ஒன்றன்று. வந்தவர்க்கும் பங்களித்தால் அம்மாநிலத்தில் ஏற்கெனவே ஒடுக்கப்பட்டவர்களின் பங்கு குறையும் என்பது அதன் கருத்து. 1994ஆம் ஆண்டின் தீர்ப்பும் இதனையே உறுதி செய்தது. 2018ஆம் ஆண்டில் மற்றோர் அரசியலமைப்பு அமர்வும் மாநில எல்லை என்னும் விதியை நிலைநிறுத்தி, மத்திய அரசுப் பணிகளில் மட்டும் நாடு முழுவதற்குமான ஒதுக்கீடு பொருந்தும் எனத் தெளிவுபடுத்தியது.

இத்தீர்ப்புகளின் நியாயத்தை நாம் புறக்கணித்தல் தகாது. மராட்டிய மண்ணில் தலைமுறைகளாக இழிவைச் சுமந்தவர்களின் பங்கைக் குறைத்து நம் பங்கைப் பெறுவது அறமாகாது. ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. இரயிலேறும் தொழிலாளியின் மூட்டையோடு அவன் சாதியும் ஏறிவிடுகிறது. வந்த ஊரில் நம்மவர் குடியிருப்பிலேயே, நம்மவர் வாய்ச்சொல்லாலேயே அது அவனுக்கு நினைவூட்டப்படுகிறது. இழிவு எல்லையைக் கடக்கிறது. இழிவுக்கு ஈடாக அரசு தந்த உரிமை மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. பிறந்த மாநிலம், 'நீ இங்கு வாழவில்லை' என்கிறது. வாழும் மாநிலம், 'நீ இங்கு உரியவனல்லன்' என்கிறது. இரண்டு அரசுகளின் பொறுப்புக்கும் இடையே ஒரு பிள்ளையின் படிப்பு விழுந்துவிடுகிறது. பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. எனவே புலம்பெயர்ந்த ஏழைகளின் கல்விக்கு, உள்ளூரார் பங்கைத் தொடாத தனி ஏற்பாடு ஒன்றைக் காணும் பொறுப்பும் அம்மன்றத்தையே சாரும். இங்கு வாக்களிக்கும் தமிழர், வாக்குக் கேட்டு வருவோரிடம் இதனைக் கேட்பது கடமையாகும்.

அதுவரை சட்டம் திறந்து வைத்துள்ள வழிகளையேனும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். பிறந்த மாநிலத்தில் பெற்ற உரிமை குடிபெயர்வதால் அழிவதில்லை. தந்தையின் சான்றிதழை ஆதாரமாகக் கொண்டு பிள்ளைக்கும் சான்று பெறலாம்; மத்திய அரசுப் பணிகளுக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் அது பயன்படும். மகாராஷ்டிரத்தில், ஒரு குடும்பம் குறிப்பிட்ட நாளுக்கு முன்பிருந்தே இங்கு வாழ்ந்து வந்ததென மெய்ப்பித்தால், இம்மாநிலப் பட்டியலிலும் இடம்பெற்ற சாதியாயின், இங்கேயே சான்று கோரலாம். அட்டவணைச் சாதியினர்க்கு அந்நாள் 1950 ஆகஸ்டு 10. பிற பின்தங்கிய வகுப்பினர்க்கு 1967 அக்டோபர் 13. ஔந்தை அடுத்த கட்கியிலும் கன்டோன்மென்டிலும் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்வோர் உளர். பாட்டனாரின் பள்ளிப் பதிவேட்டு நகலும், தொழிற்சாலைப் பணிப் பதிவும் அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கக்கூடும். அவற்றைப் பழங்காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாமல் காத்தல் வேண்டும்.

அரசின் பொறுப்பைப் பற்றிப் பேசும் நாம் நம் பொறுப்பையும் எண்ணுதல் தகும். கோல்ஹாப்பூரின் விடுதிகள் மன்னரின் ஆணையால் மட்டும் நடந்தவை அல்ல. அந்தந்தச் சமூகத்தாரும் முன்வந்து நடத்தியவை. வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவையும் பட்டிமன்றத்தையும் குறைவின்றி நடத்துகின்றன. நம் குடியிருப்பில் எந்தப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றது, எந்தப் பெண்ணுக்குச் சான்றிதழ் இன்மையால் கட்டணம் கட்ட இயலவில்லை என்னும் கணக்கையும் அவை எடுக்கலாம். படித்தவர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலை விண்ணப்பம் எழுதித் தர அமர்ந்தால், அதுவே பெருந்தொண்டாகும். அங்கே வருகிறவரிடம் 'நீங்கள் எந்தச் சாதி' என்னும் கேள்வி, சான்றிதழுக்காக அன்றி வேறு எதற்காகவும் எழலாகாது.

வரி செலுத்துபவன் யார், கல்வி பெறுபவன் யார் என்பதே 1882ஆம் ஆண்டில் ஃபுலே கேட்ட கேள்வி. இன்று இந்நகரின் கட்டடங்களை எழுப்பி, தெருக்களைத் துப்புரவு செய்து, வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி செலுத்துவோரில் நம்மவரும் உளர். அவர்கள் பிள்ளைகளின் பெயரைச் சேர்த்து அக்கேள்வியை மீண்டும் கேட்கும் உரிமையை எந்த மாநில எல்லையும் தடுக்க இயலாது.