ஆலைநிலமும் குடியிருப்பு உரிமையும்: மும்பை கிரண்காவ் வரலாற்றில் தத்தா இஸ்வல்கரின் பங்கு

முன்னுரை

பழைய தொழிற்பகுதி ஒன்றைப் பாதுகாத்தல் என்னும்போது, ஆலைக் கட்டடங்களும் புகைபோக்கிகளுமே முதலில் கருதப்படுகின்றன. அவ்வாலைகளை நம்பி வாழ்ந்த மக்கள் அப்பகுதியிலேயே தொடர்ந்து வாழ இயலுமா என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. மும்பையின் பஞ்சாலைப் பகுதியான கிரண்காவில் இவ்வினாவை முன்வைத்துப் போராடியவர் தத்தா இஸ்வல்கர். அவருடைய முயற்சி எதைக் காத்தது, எதைக் காக்க இயலாமற்போனது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிரண்காவின் தோற்றம்

1854-இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் நிறுவிய நூற்பாலை, 1856-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா ஆகிய பகுதிகளில் ஆலைகள் பெருகின. மராத்தியில் ‘கிரணி’ என்பது ஆலையையும் ‘காவ்’ என்பது ஊரையும் குறிக்கும். இவ்வகையில் அப்பகுதி ‘ஆலையூர்’ என்னும் பொருளுடைய பெயரைப் பெற்றது.

கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள், ‘சால்’ எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் ஓரறை வீடுகளில் வாழ்ந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களுக்குப் பெண்கள் நடத்திய உணவகங்கள் துணைநின்றன. தெருநாடகமும் கணபதி விழாவும் தொழிற்சங்கக் கூட்டமும் ஒரே தெருக்களில் நடைபெற்றன. அண்ணாபாவ் சாட்டே, நாராயண் சுர்வே போன்றோரின் எழுத்து இவ்வாழ்விலிருந்து உருவானது. எனவே, கிரண்காவ் ஓர் உற்பத்தி மையமாக மட்டுமன்றித் தனித்த பண்பாட்டு வெளியாகவும் விளங்கியது.

வேலைநிறுத்தமும் அதன் பின்விளைவும்

1982 ஜனவரி 18 அன்று, டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறையாகத் திரும்பப் பெறப்படவே இல்லை. பல்லாயிரவர் வேலையிழந்தனர், ஆலைகள் ஒவ்வொன்றாக முடங்கின. நகரின் நடுவே அமைந்த ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலைநிலத்தின் மதிப்போ உயர்ந்துகொண்டே சென்றது. நூல் நூற்பதைவிட நிலத்தை விற்பது ஆதாயமாகிவிட்ட நிலையில், ஆலையை மீண்டும் இயக்கும் நாட்டம் உரிமையாளர்களிடம் குறைந்தது.

மாடர்ன் மில்லில் பணியாற்றிய இஸ்வல்கர், 1989-இல் மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்களைத் திரட்டிப் போராட்டக் குழு ஒன்றை அமைத்தார். ஆலைகளைத் திறக்க வேண்டும், நிலுவையை வழங்க வேண்டும் என்பன அக்குழுவின் தொடக்கக் கோரிக்கைகளாகும். ஆலைகள் இனித் திறக்கப்படா என்பது தெளிவானபின், நிலத்தில் தொழிலாளிக்கும் பங்குண்டு என்னும் கோரிக்கை முதன்மை பெற்றது. ஊதியத்தை மையமாகக் கொண்ட தொழிற்சங்க அரசியல், நகர நிலத்தை மையமாகக் கொண்டதாக மாறியமை இதன் வரலாற்று முக்கியத்துவமாகும்.

சட்டமும் நிலப்பங்கீடும்

1991-இல் வகுக்கப்பட்ட வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலைநிலத்தை மூன்றாகப் பகுத்தது. ஒரு பங்கு பொதுத் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சிய பங்கு உரிமையாளருக்கும் உரியன. 1996-இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, ஆலைநிலங்களை ஒருங்கிணைத்துத் திட்டமிடுவது குறித்து ஆராய்ந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தமோ இப்பங்கீட்டைக் கட்டடங்கள் இல்லாத வெற்றுநிலத்துக்கு மட்டும் உரியதாகச் சுருக்கியது. இதனால் பொதுப்பங்கு பெரிதும் குறைந்தது. திருத்தத்தை எதிர்த்த வழக்கில் 2005 அக்டோபரில் மும்பை உயர்நீதிமன்றம் பொதுநலனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் திருத்தத்தை ஏற்றது.

இங்கு ஒரு முரண் கவனத்திற்குரியது. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளில் தொழிலாளர்க்கு உரிய தொகை நிலவிற்பனை வருவாயையே சார்ந்திருந்தது. நிலம் விற்கப்பட்டால் பகுதி அழியும். விற்கப்படாவிட்டால் முதிய தொழிலாளிக்குப் பணம் கிட்டாது. கட்டடப் பாதுகாப்பை மட்டும் முன்வைக்கும் இயக்கம் இந்நெருக்கடிக்கு விடை தர இயலாது. விற்கப்படும் நிலத்தில் தொழிலாளர்க்கு வீடு என்னும் கோரிக்கை, இவ்விரு முனைகளுக்கும் இடையே கண்டறியப்பட்ட வழியாகும்.

பயனும் எல்லையும்

தொடர் போராட்டங்களின் பயனாக, 2012-இல் மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியம் 6,925 வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. எனினும் விண்ணப்பித்த குடும்பங்கள் ஒன்றரை லட்சம் அளவினவாகும். 2016-இல் மும்பைக்கு வெளியே, பன்வேலுக்கு அருகிலுள்ள கோன் பகுதியிலும் வீடுகள் ஒதுக்கப்பட்டன. உரிமை ஏற்கப்பட்டது, ஆனால் அவ்வுரிமை பலருக்குப் பழைய தெருவில் நிறைவேறவில்லை. இஸ்வல்கர் 2021 ஏப்ரலில் மறைந்தபோதும் பல குடும்பங்கள் வீட்டுக்காகக் காத்திருந்தன.

இதற்கிடையே, பீனிக்ஸ் ஆலை வணிக வளாகமாயிற்று. அதன் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. அதன் நிழலில் பணிபுரிந்தோர் அங்கில்லை. நீரா அடர்கரும் மீனா மேனனும் தொகுத்து 2004-இல் வெளியிட்ட வாய்மொழி வரலாற்று நூல், அம்மக்களின் குரலைப் பதிவு செய்துள்ளது. நினைவைக் காத்தலும் வாழிடத்தைக் காத்தலும் வெவ்வேறு பணிகள் என்பதை இவ்விரண்டும் ஒருசேர உணர்த்துகின்றன.

முடிவுரை

சென்னைப் பெரம்பூரின் பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அவ்வாலை 1996-இல் மூடப்பட்டது. அந்நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. சங்கத்தின் தோற்றமும் 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும் ஆய்வாளர்களால் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆலை மூடலுக்குப் பிந்தைய நிலத்தின் வரலாறும், அங்கு வாழ்ந்த குடும்பங்களின் இடப்பெயர்வும் அதே அளவு கவனத்திற்குரியன. தொழிற்பகுதி ஒன்றின் மரபு என்பது அங்கு யார் தொடர்ந்து வாழ்கின்றனர் என்பதையும் உள்ளடக்கியது என்பதே கிரண்காவ் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.