நுண்ணலை அடுப்பு: அச்சமும் அளவீடும்

நெருப்பைக் கைக்கொண்ட நாள்தொட்டு மனிதன் சமைத்துண்ணும் முறை அடிப்படையில் மாறாதிருந்தது. விறகாயினும் கரியாயினும் மண்ணெண்ணெயாயினும் மின்சாரமாயினும், வெப்பமானது முதலிற் கலத்தையும் பின்னர் உணவின் புறத்தையும் பற்றி, அதன் பின்னரே உட்புறத்தை அடைவது அம்முறையின் இயல்பாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தோன்றிய நுண்ணலை அடுப்பு இவ்வொழுங்கை மாற்றியது. சுடர் இல்லை, புகை இல்லை, உணவு மாத்திரம் கொதிக்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத ஒன்றினாற் சமைத்த உணவு உடலுக்கு ஏற்றதாகுமோ என்னும் ஐயம் அன்று எழுந்தது. இன்றும் முற்றாக ஓய்ந்திலது. அவ்வையத்தின் வரலாற்றை ஆராயுமிடத்து, ஒரு சமுதாயம் புதிய கருவியொன்றை அஞ்சியும் அளந்தும் ஏற்றுக்கொள்ளும் முறைமையும் உடன் புலனாகும்.

மின்காந்த அலைகள் உள்ளன என்பதை 1865 ஆம் ஆண்டில் மக்ஸ்வெல் கணிதத்தால் நிறுவினார். 1887, 1888 ஆம் ஆண்டுகளில் ஹேர்ட்ஸ் அவற்றைப் பரிசோதனையாற் காட்டினார். அடுத்த பத்தாண்டிலே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சில மில்லிமீற்றர் அலைநீளமேயுடைய நுண்ணலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். ஆயினும் இவ்வலைகளைப் பெருவலுவுடன் பிறப்பிக்கும் கருவி அக்காலத்தில் இல்லை. அதனைத் தந்தது போர். 1940 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் யோன் றண்டல், ஹரி பூட் ஆகிய இருவரும் குழிவு மக்னற்றன் என்னும் கருவியை இயக்கினர். அது ஏறத்தாழ 10 சதமமீற்றர் அலைநீளமுள்ள அலைகளை வலுவுடன் வீசியது. அவ்வாண்டிலேயே அதன் இரகசியம் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. பகைவரின் விமானங்களையும் நீர்மூழ்கிகளையும் கண்டறிந்த ராடர் கருவிகளுக்கு அதுவே உயிர்நாடியாயிற்று.

அலைகளாற் சமைக்கலாம் என்னும் எண்ணம் அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. 1933 ஆம் ஆண்டு சிக்காகோ நகரிலே நடைபெற்ற உலகக் கண்காட்சியில், இரு உலோகத் தட்டுகளுக்கு இடையே உணவை வைத்துச் சிற்றலை வானொலி வலுவினால் அதனைச் சமைத்துக் காட்டினர். எனினும் நுண்ணலை அடுப்பின் தந்தையெனப் போற்றப்படுபவர் றேதியன் நிறுவனத்திற் பணியாற்றிய பேர்சி ஸ்பென்சர் ஆவர். இளமையிற் பள்ளிக் கல்வியை இழந்து, தாமே கற்று உயர்ந்த பொறியியலாளர் அவர். இயங்கும் மக்னற்றனுக்கு அருகில் நின்றபோது அவருடைய சட்டைப்பையில் இருந்த சொக்கலேற்றுக் கட்டி உருகிற்று என்பதும், பின்னர் அவர் சோளத்தைப் பொரித்துப் பார்த்தார் என்பதும் பலவாறு வழங்கும் கதைகள். ஆயின் 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் 8 ஆம் திகதி அவர் புத்தாக்க உரிமைக்கு விண்ணப்பித்தமையும், 1950 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவ்வுரிமை வழங்கப்பட்டமையும் பதிவுபெற்ற செய்திகளாம். 1947 இல் விற்பனைக்கு வந்த முதலடுப்பு ஆள் உயரமும் ஏறக்குறைய 340 கிலோகிறாம் நிறையும் உடையது. அதன் விலை சுமார் 5,000 டொலர். 1955 இல் வீட்டுக்கென ஆக்கப்பட்ட அடுப்பு 1,295 டொலருக்கு விற்றது. 1967 இல் மேசைமீது வைக்கத்தக்க அடுப்பு 495 டொலருக்குக் கிடைத்தபோதே அது குடும்பங்களின் சமையலறைக்குள் மெய்யாகப் புகுந்தது.

அடுப்புப் புகுந்த வீட்டில் அச்சமும் உடன் புகுந்தது. அவ்வச்சம் அடிப்படை அற்றதென்று ஒதுக்கத்தக்கதன்று. வலுமிக்க நுண்ணலைகள் விலங்குகளின் கண்களில் வெண்படலத்தை உண்டாக்கும் என்பதை 1948 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர் கண்டிருந்தனர். கண்ணின் வில்லையிற் குருதியோட்டம் இன்மையால் அங்கு சேரும் வெப்பம் விரைவில் அகலாது என்பதே அதன் காரணம். மேலும், எவ்வளவு அலை ஏற்புடையது என்பதில் அறிஞரும் ஒருமைப்பட்டாரல்லர். அமெரிக்கர் உடல் சூடேறுவதையே தீங்கெனக் கொண்டு, சதுர சதமமீற்றருக்குப் 10 மில்லி உவாற்றினை எல்லையாக வகுத்தனர். சோவியத் அறிஞரோ நரம்பு மண்டலத்தின் தளர்ச்சியையும் கருத்திற் கொண்டு, தொழிலாளர்க்கு அதன் ஆயிரத்தில் ஒரு பங்கையே நாள் முழுவதற்குமான எல்லையாக விதித்தனர். மொஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின்மீது நெடுங்காலம் நுண்ணலைகள் பாய்ச்சப்பட்டன என்னும் செய்தி 1976 இல் வெளியானபோது மக்களின் கலக்கம் பெருகிற்று. அத்தூதரகத்தாரின் உடல்நலத்தை ஆராய்ந்து 1978 இல் வெளியான அறிக்கை, அலைகளால் அவர்களுக்கு நோய் விளைந்தமைக்கு உறுதியான சான்று காணவில்லை. எனினும் வல்லரசுகள் மறைத்துவைத்த ஒன்றைப் பொதுமக்கள் ஐயுற்றது இயல்பேயாம்.

இவ்வச்சத்தின் நற்பயன் சட்டமாக வெளிப்பட்டது. 1968 இல் அமெரிக்கா கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. அதன்வழி 1971 இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, அடுப்பின் புறத்தே 5 சதமமீற்றர் தொலைவிற் கசியும் அலை, விற்பனைக்கு முன் சதுர சதமமீற்றருக்கு 1 மில்லி உவாற்றையும், அடுப்பின் வாழ்நாளில் எக்காலத்தும் 5 மில்லி உவாற்றையும் விஞ்சலாகாது. கதவு திறந்தவுடன் அலைகளை நிறுத்தும் பூட்டாளிகள் இரண்டு, ஒன்றையொன்று சாராது இயங்க வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. கதவிற் பொருந்திய துளைத்தகட்டின் துளைகள் சில மில்லிமீற்றர் அளவின. அடுப்பில் வழங்கும் அலையின் நீளமோ ஏறத்தாழ 12 சதமமீற்றர். ஆகையால் ஒளி புறம்போகும். நுண்ணலை உள்ளேயே நின்றுவிடும். கசிந்தவையும் தொலைவு மிக மிக விரைந்து தேய்வன: 50 சதமமீற்றரில் அவற்றின் செறிவு, 5 சதமமீற்றரில் உள்ளதன் நூற்றிலொரு பங்கு அளவினதே. ஆகவே பழுதுற்ற கதவும் வளைந்த கீலும் அஞ்சத்தக்கவை. செப்பமான அடுப்பு அஞ்சத்தக்கதன்று.

மற்றோர் அச்சம் சொல்லினாற் பிறந்தது. அணுகுண்டின் கதிரும் அடுப்பின் கதிரும் 'கதிர்வீச்சு' என்னும் ஒரே பெயரைப் பெற்றன. ஆயின் அணுவிலிருந்து இலத்திரனைப் பறித்து அதனை அயனாக்குவதற்கு வேண்டிய சக்தியில், நுண்ணலைத் துணுக்கு ஒன்று கொண்டிருப்பது ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கேயாகும். நீர் மூலக்கூறுகளைத் திரும்பத் திரும்பப் புரட்டி உராயச் செய்வதும், அதனால் உணவைச் சூடாக்குவதுமே அவ்வலைகளின் தொழில். விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்காதவாறே, மக்னற்றன் நின்றபின் உணவில் அலை தங்குவதில்லை.

இவ்வகைச் சர்ச்சைகளுள் சுவிற்சலாந்தில் எழுந்தது நீதிமன்றம் வரை சென்றது. ஹான்ஸ் ஹேர்ட்டல் என்பவர், எட்டுப் பேரிடம் மாத்திரம் நிகழ்த்திய ஆய்வொன்றை ஆதாரமாகக் கொண்டு, நுண்ணலை உணவு குருதியிற் கேடான மாற்றங்களை உண்டாக்கும் என்றார். 1992 இல் அக்கருத்துச் சஞ்சிகை ஒன்றில் வெளியாக, மின்சாதன உற்பத்தியாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. அவர் அவ்வாறு கூறலாகாதென 1993 இல் அந்நாட்டு நீதிமன்றம் தடை விதித்தது. 1998 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அத்தடை கருத்துரிமைக்கு முரணானதெனத் தீர்த்தது. அத்தீர்ப்பு அவருடைய ஆய்வு மெய்யென்று கூறவில்லை. கூறும் உரிமை அவர்க்குண்டு என்றே கூறியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதார் அதனை அடுப்புக்கு எதிரான தீர்ப்பெனப் பரப்பினர். ஒரு கருத்தை வாய்ப்பூட்டினால் வெல்லுதல் அரிது. மறுபரிசோதனையால் வெல்லுதலே தகும்.

இனி, உணவின் சத்துக் குன்றுமோ என்னும் வினா. 2003 இல் வெளியான ஸ்பானிய ஆய்வொன்று, புறொக்கோலி என்னும் கீரைப்பூவை நீரிலிட்டு நுண்ணலையிற் சமைத்தபோது அதன் பிளேவனொயிட்டுச் சத்துகள் 97 சதவீதம் குன்றின எனக் கண்டது. ஆவியில் அவித்தபோது குன்றியது 11 சதவீதமேயாம். இவ்வெண்ணை மாத்திரம் எடுத்துக்கூறி அடுப்பைப் பழிப்பாருளர். சத்தைக் கரைத்துச் செல்வதில் நீருக்குள்ள பங்கை அவர் எண்ணுவதில்லை. நீரில் மூழ்க வேகவைக்கும் எம்முறையிலும் விற்றமின் சீ போன்றவை நீரோடு கழியும். சிறிதளவு நீரும் குறுகிய நேரமும் கொண்டு சமைப்பின், நுண்ணலை அடுப்பு அவற்றைப் பேணுவதிற் பிறவற்றிற்குப் பிற்பட்டதன்று.

மெய்யான இடர்கள் பிறிதோரிடத்தில் உள்ளன. பெட்டியினுள் அலைகள் ஒருசீராகப் பரவா. உணவினுள்ளும் சில சதமமீற்றர் ஆழமே செல்லும். ஆகையால் ஒரு கவளம் கொதிக்க, அடுத்த கவளம் குளிர்ந்திருக்கும். 2007 இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 400 பேர் சல்மொனெல்லா நோயுற்றமை, உறையவைத்த இறைச்சிப் பணியாரங்கள் அவ்வாறு அரைகுறையாக வெந்தமையோடு தொடர்புடையதாயிற்று. இறைச்சி 74 பாகை செல்சியசு வரை முழுதும் சூடேறுதல் வேண்டும். இடையிற் கிளறுதலும், நிறுத்தியபின் சிறிது பொறுத்தலும் அதற்கு உதவும். தூய கலத்திற் காய்ச்சிய நீர் கொதிநிலை கடந்தும் குமிழியின்றி இருந்து, அசைத்தவுடன் பொங்கிச் சுடுவதுண்டு. குழந்தையின் பாற்போத்தல் புறத்தே குளிர்ந்து அகத்தே வாயைச் சுடும் வெப்பங்கொள்வதும் உண்டு. சூடேறிய பிளாத்திக்குக் கலத்திலிருந்து சில இரசாயனங்கள் உணவிற் சேரலாம். அவற்றுள் ஒன்றான பிசுபீனோல் ஏயைப் பாற்போத்தல்களிற் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் தடைசெய்தது. ஆகவே கண்ணாடிக் கலமோ பீங்கானோ தகுவன.

உரிய முறையிற் பயன்படுத்தின் இவ்வடுப்புத் தீங்கற்றதென உலக சுகாதார நிறுவனம் 2005 இல் அறிவித்தது. அதன் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2011 இல் வானொலி மீடிறன் அலைகளைப் 'புற்றுநோயை விளைத்தல் கூடுமானவை' என்னும் வகுப்பிற் சேர்த்ததும் மறைக்கற்பாலதன்று. அம்முடிவு பெரிதும் காதோடு ஒட்டிப் பேசும் கைத்தொலைபேசி பற்றிய சான்றுகளிலிருந்து பிறந்தது. மறுபுறத்திலே, பழமையென எவரும் ஐயுறாத அடுப்புப் புகை முதலிய வீட்டுக் காற்று மாசினால் 2020 இல் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது அதே நிறுவனத்தின் கணக்காகும். பழகிய இடரை மனம் அஞ்சுவதில்லை; பழகாத நன்மையை அஞ்சுகின்றது.

எனினும் அஞ்சினோரை எள்ளுதல் வரலாற்றுக்கு நேர்மையன்று. கசிவை அளக்குமாறு அரசைத் தூண்டியதும், கதவுக்கு இரட்டைப் பூட்டாளியை அமைப்பித்ததும், பாற்போத்தலை மாற்றுவித்ததும் ஐயுற்றோரின் வினாக்களேயாம். அளவீட்டிற் சென்று முடிந்த அச்சம் மக்களைக் காத்தது. அளவீட்டை மறுத்த அச்சம் வதந்தியாய் எஞ்சியது. நுண்ணலை அடுப்பு இன்று பாதுகாப்பான கருவியாக விளங்குவது அது இயல்பிலேயே தீங்கற்றதாகப் பிறந்தமையால் அன்று. கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடை காணுமாறு அது திருத்தப்பட்டமையாலேயே ஆகும்.