காவலர் நலன் (இந்தியா)

காவலர் நலன் என்பது காவல் துறையினரின் உடல்நலம், பணிப் பாதுகாப்பு, மனநலம் ஆகிய மூன்றையும் பேணுவதற்கான ஏற்பாடுகளைக் குறிக்கும். அரசமைப்பின்படி காவல் துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், இவ்வேற்பாடுகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

பணி நேரம்

காவல் அதிகாரி எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டம், 22-ஆம் பிரிவு. அவசரத்துக்கு உதவ வேண்டிய இந்த எண்ணம் அன்றாட வழக்கமாகிவிட்டது. காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்காக 2014-இல் நடந்த ஆய்வில், நிலையக் காவலர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நாள்தோறும் 8 மணி நேரத்துக்கு மேல் உழைப்பது தெரியவந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேர முடியாது. எனவே அவர்களுடைய ஓய்வுக்காகப் பேசவேண்டிய பொறுப்பு அரசுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் கூடுதலாக உண்டு.

உடல்நலம்

நெடுநேரம் நிற்பதால் கால் நாளங்கள் புடைக்கின்றன. வேளை தவறிய உணவும் கெட்ட உறக்கமும் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் இடம் தருகின்றன. போக்குவரத்துக் காவலர்கள் புகை, இரைச்சல், வெயில் மூன்றையும் ஒருசேரத் தாங்குகிறார்கள். சென்னையில் கோடைதோறும் அவர்களுக்கு மோர் வழங்கப்படுகிறது. பந்தோபஸ்துக்காகச் சாலையோரம் நிறுத்தப்படும் பெண் காவலர், அருகில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார். சிறுநீர்த் தொற்று வர அதுவும் ஒரு காரணம். முக்கியப் பிரமுகர்கள் செல்லும் சாலைகளில் பெண் காவலர்களை நிறுத்துவதைத் தவிர்க்குமாறு தமிழ்நாட்டில் 2021-இல் அறிவுறுத்தப்பட்டது.

மனநலம்

விபத்தில் சிதைந்த உடலை அள்ளுவதும், வன்முறைக்குள்ளான குழந்தையிடம் நடந்ததைக் கேட்டு எழுதுவதும் வீடு திரும்பிய பின்னும் மனத்தை விட்டு நீங்குவதில்லை. உதவி கேட்டால் ‘தைரியமில்லாதவர்’ என்று பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம் பலரின் வாயைக் கட்டிவிடுகிறது. துப்பாக்கி கைக்கெட்டும் பணி என்பதால், சோர்வின் அறிகுறிகளை உடன் பணிபுரிவோர் முன்னதாகவே கவனிப்பது உயிர் காக்கும். 2018-இல் தமிழ்நாடு காவல் துறை, பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையுடன் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் தொலைபேசி எண் 14416-இல் எவரும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

சீர்திருத்தங்கள்

மும்பை தேவனார் நிலையக் காவலர் ஒருவர் வகுத்துக் கொடுத்த 8 மணி நேரப் பணிமுறை, 2016-இல் அங்கேயே சோதிக்கப்பட்டுப் பின்னர் நகரின் பிற நிலையங்களுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் காவலர் முதல் தலைமைக் காவலர் வரையிலானோருக்கு வார ஓய்வு வழங்க 2021-இல் ஆணையிடப்பட்டது. காலிப் பணியிடங்கள் நிரம்பாத நிலையத்தில் அந்த ஓய்வு ஏட்டோடு நின்றுவிடும். பகலில் மனநல வகுப்பில் அமர்ந்தவரை அன்றிரவே ரோந்துக்கு அனுப்பினால், வகுப்பில் கற்ற எதுவும் அவருக்கு உதவாது. காவலர் நலத்துக்கான முதல் மருந்து உறக்கமே.